வீடே பள்ளிக்கூடமாகும்போது...
(ஓரிக்கை பள்ளிவாசலில் நிகழ்த்தப்பட்ட ஜும்ஆ உரை)

புகழனைத்தும் அகிலங்களைப் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ்வுக்கே உரியது. அவனது அருளும் சாந்தியும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றிய நல்லோர் அனைவர் மீதும் என்றென்றும் நிலவட்டுமாக! ஆமீன்.

கண்ணியத்திற்குரிய ஜமாஅத்தார்களே!

அண்மைக் காலமாக நம் மஹல்லாவில் ஒரு கேள்வி அடிக்கடி எழுகிறது. "ஹஜ்ரத்! சின்னஞ்சிறு பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திற்கு அனுப்பாமல் ஓரிரு ஆண்டுகள் நாங்களே வீட்டில் வைத்துப் பாடம் சொல்லிக் கொடுக்கலாமா? மார்க்கத்தில் அதற்கு இடமுண்டா?" எனப் பெற்றோர் சிலர் கேட்கின்றனர். கட்டணம் கட்ட இயலாமை, பிள்ளையின் உடல்நலம், தீனும் துன்யாவும் இணைந்த கல்வி வேண்டும் என்ற ஆவல் எனக் காரணங்கள் பலவாக இருக்கின்றன. அவர்களின் நிய்யத்தை நாம் குறை கூற வேண்டியதில்லை. எனினும், அந்த முதல் ஆண்டில் பெற்றோர் தம் தோள்மீது ஏற்றிக்கொள்வது என்ன என்பதை அறிந்தே ஏற்க வேண்டும்.

வீட்டில் கற்பிப்பது நமக்குப் புதிதன்று. நபி (ஸல்) அவர்களின் வீட்டில் வளர்ந்த சிறுவர் உமர் பின் அபீஸலமா (ரலி) அவர்களின் கை உணவுத் தட்டு முழுவதும் அலைந்தபோது, பிஸ்மில்லாஹ் கூறி, வலக்கையால், தமக்கு முன்னால் இருப்பதிலிருந்து உண்ணுமாறு அன்புடன் கற்பித்தார்கள். அன்னை ஹஃப்ஸா (ரலி) அவர்களுக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவர் அஷ்ஷிஃபா (ரலி) என்ற பெண்மணி.

அதே வேளையில், வெளி ஆசிரியரிடம் பிள்ளைகளை ஒப்படைத்த வரலாறும் நமக்குண்டு. ஹிஜ்ரி 2ஆம் ஆண்டு பத்ருப் போரில் கைதானவர்களில் ஈட்டுத்தொகை தர இயலாதோர், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்றுக்கொடுத்து விடுதலை பெற்றனர். இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்கள் தந்தையை இழந்த பிள்ளை. ஆசிரியருக்குக் கொடுக்கப் பொருள் இல்லாத நிலையிலும் அவர்களின் தாயார் மகனைப் பாடசாலைக்கே அனுப்பினார்.

ஆகவே, பிள்ளை வீட்டில் கற்கிறதா, வெளியில் கற்கிறதா என்பதன்று நம்மிடம் கேட்கப்படும் கேள்வி. கற்கிறதா, இல்லையா என்பதே கேள்வி. ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, ஒவ்வொருவரும் தம் பொறுப்பைப் பற்றி விசாரிக்கப்படுவர் என்ற நபிமொழியை நாம் அறிவோம். பள்ளிக்கு அனுப்பும் தந்தை பாதிப் பொறுப்பை ஆசிரியருடன் பகிர்ந்துகொள்கிறார். வீட்டில் வைத்துக்கொள்பவரோ முழுப் பொறுப்பையும் தாமே ஏற்கிறார்.

அன்பர்களே! நாம் விரும்பாமலேயே நம் வீடுகள் அனைத்தும் பள்ளிக்கூடங்களான ஒரு காலம் இருந்தது. கொரோனா பெருந்தொற்றால் 2020 மார்ச்சில் மூடப்பட்ட தமிழகப் பள்ளிகள், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறந்தன. ஏறத்தாழ 19 மாதங்கள்! கல்வித் தொலைக்காட்சியில் பாடம் வந்தது, கைப்பேசியில் பாடம் வந்தது. ஆயினும், அருகில் அமர்ந்து கற்பிக்க ஆளில்லாத வீடுகளில் பிள்ளைகள் எழுத்தையே மறந்தனர். அதனால்தான் 2021 அக்டோபரில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தை அரசு தொடங்கியது. தன்னார்வலர்கள் மாலை வேளையில் ஒன்று முதல் ஒன்றரை மணி நேரம் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தனர். பலர் நம்மைப் போன்ற தெருக்களில் வாழும் பெண்களே. சுவரும் மணியோசையும் இல்லாமல் கல்வி நடக்கும், அருகில் ஒரு மனிதர் இல்லாமல் நடக்காது என்பதே அக்காலம் கற்பித்த பாடம்.

நம் ஜமாஅத்தைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் முதல் ஆண்டு அனுபவத்தை அவர்களின் அனுமதியுடன் கூறுகிறேன். தந்தை பட்டுத் தறி நெய்பவர், தாய் பட்டப்படிப்பு முடித்தவர். மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஆறு. தொடக்கத்தில் அந்தத் தாய் காலை ஒன்பது மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரை பள்ளிக்கூடத்தைப் போன்றே அட்டவணை வைத்தார். மூன்றாம் வாரத்தில் புத்தகத்தைக் கண்டாலே மகள் அழுதாள். தாயின் குரல் உயர்ந்தது, வீட்டில் நிம்மதி குறைந்தது.

அவர்கள் ஆலோசனை கேட்டபோது ஒரு ஹதீஸை நினைவூட்டினேன். இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்கள் வாரத்தில் ஒரு நாள் மட்டும் உபதேசம் செய்வார்கள். தினமும் செய்யக் கூடாதா என ஒருவர் கேட்டபோது, மக்களுக்குச் சலிப்பு ஏற்படாதிருக்க நபி (ஸல்) அவர்கள் நேரம் பார்த்தே உபதேசித்தார்கள் என விளக்கமளித்தார்கள். பெரியவர்களுக்கே இந்நிலை என்றால் ஆறு வயதுக் குழந்தைக்கு என்ன? நாற்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் ஆறு மணி நேரத்தில் செய்வதை, இரு பிள்ளைகளுக்கு ஒரு தாய் செய்ய அவ்வளவு நேரம் வேண்டியதில்லை. காலையில் ஒரு மணி நேரம், அஸருக்குப் பின் அரை மணி நேரம் என அவர் மாற்றினார். அழுகை நின்றது.

ஆனால், உண்மையான சோதனை பிறகுதான் வந்தது. கோர்வைப் புடவை நெய்வதற்குத் தறியில் இருவர் வேண்டும் என்பதை நீங்கள் அறிவீர்கள். கரையின் மறுபக்கத்தில் நாடாவைத் தள்ள ஒரு துணை தேவை. அந்தத் துணையின் இடத்தில் சிறுவர்களை அமர்த்தியது நம் காஞ்சியின் பழைய வழக்கம். முகூர்த்த மாதம் நெருங்கியது. துணையாள் வரவில்லை. "இன்று ஒரு நாள் மட்டும்" எனத் தந்தை மகனை அழைத்தார். மறு வாரம் இரண்டு நாள், அதற்கடுத்த வாரம் நான்கு நாள். பையன் வீட்டில்தானே இருக்கிறான், கேட்பார் யாருமில்லை!

தாய் தினமும் பாடக் குறிப்பு எழுதி வந்தார். மாத இறுதியில் அந்த நோட்டைக் கணவர் முன் வைத்தார். மகளுக்கு இருபது நாள் பாடம் நடந்திருந்தது, மகனுக்கு ஒன்பது நாள். அந்தச் சகோதரர் நோட்டை நெடுநேரம் பார்த்துவிட்டு, மறுநாளே கூலி கொடுத்து வயது வந்த ஒருவரைத் துணைக்கு வைத்தார். புடவை பத்து நாள் தாமதமானது. கூலியிலும் குறைந்தது. எனினும் மகனின் காலைப் பொழுது மகனுக்கே திரும்பியது. அல்ஹம்துலில்லாஹ்!

பெரியோர்களே! இதைத்தான் இன்று வலியுறுத்த விரும்புகிறேன். பிள்ளையின் நேரம் நம் சொத்தன்று, அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். 1986ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016இல் திருத்தப்பட்டபோது, 14 வயதுக்குட்பட்டோரை எந்தத் தொழிலிலும் அமர்த்தக் கூடாது எனத் தடை விதிக்கப்பட்டது. பள்ளி நேரம் முடிந்த பின்னும் விடுமுறையிலும் ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் உதவ விலக்கு உண்டு. பள்ளியே வீடாகிவிட்டால் பள்ளி நேரம் எப்போது முடிகிறது? அந்தக் கோட்டை வரைபவர் தந்தைதான். அதைக் கண்காணிக்க மலக்குகளைத் தவிர வேறு எவருமில்லை.

மகனைத் தறி இழுப்பது போல மகளை அடுப்படி இழுக்கும். பெண்பிள்ளையை வீட்டில் நிறுத்திவிட்டு அதற்கு வீட்டுக் கல்வி எனப் பெயர் சூட்டுவது, கல்வியின் பெயரால் கல்வியைப் பறிப்பதாகும். வீட்டில் கற்கும் மகளுக்கும் மகனுக்குக் கொடுக்கும் அதே பாடம், அதே நேரம், அதே புத்தகம் வேண்டும்.

முதல் ஆண்டில் காலெடுத்து வைக்கும் பெற்றோருக்குச் சில ஆலோசனைகள்:

முதலாவது, மென்மை. பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் ஒருமுறைகூட 'சீ' என்று கடிந்ததில்லை. கடுமை பிள்ளைகளின் உற்சாகத்தை அழித்து, பொய்யையும் நடிப்பையும் கற்றுத்தரும் என இப்னு கல்தூன் (ரஹ்) தம் 'முகத்திமா'வில் எச்சரித்துள்ளார்கள். பள்ளியில் அடிபட்ட பிள்ளை வீட்டிற்கு ஓடி வரும். வீட்டிலேயே அடிபட்டால் எங்கே ஓடும்?

இரண்டாவது, வாய்மை. ஒரு தாய் தம் மகனை "வா, உனக்கு ஒன்று தருகிறேன்" என அழைத்தார். என்ன தரப்போகிறாய் என நபி (ஸல்) அவர்கள் கேட்டார்கள். பேரீச்சம்பழம் என்றார் அவர். எதுவும் தராதிருந்தால் உன்மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்றார்கள். வீட்டில் கற்கும் பிள்ளைக்குப் பெற்றோரே முதல் பாடநூல்.

மூன்றாவது, விளையாட்டும் தோழமையும். அபூஉமைர் (ரலி) என்ற சிறுவரிடம் அவரது சின்னஞ்சிறு பறவையைப் பற்றி அன்புடன் விசாரித்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். பிள்ளையை நான்கு சுவருக்குள் அடைக்காதீர்கள். மக்தபிற்கு அனுப்புங்கள், தெருப் பிள்ளைகளுடன் விளையாட விடுங்கள். பிற சமயத்துப் பிள்ளைகளோடும் பழகட்டும். இவ்வூரில் அவர்களோடு சேர்ந்தே வாழப்போகிறார்கள்.

நான்காவது, கணக்கு. அந்தத் தாயைப் போன்று நோட்டு வையுங்கள். மாதம் ஒருமுறை ஆசிரியர் ஒருவரிடம் பிள்ளையை அழைத்துச் சென்று, தமிழ் வாசிக்கிறதா, கூட்டல் கழித்தல் தெரிகிறதா எனச் சோதிக்கச் செய்யுங்கள். நம் பிள்ளையை நாமே எடைபோட்டால் தராசு நம் பக்கமே சாயும்.

ஐந்தாவது, திரும்பும் வழியை அடைக்காதீர்கள். 2010 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்கிறது. வீட்டில் வைக்க முடிவெடுப்போர் இதை அறிந்தே முடிவெடுக்க வேண்டும். இடையில் நின்ற பிள்ளையையும் வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்பதும் அதே சட்டம்தான். தேசிய திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாக, 14 வயதான பின் பத்தாம் வகுப்புத் தேர்வு எழுதவும் வாய்ப்புண்டு. பிறப்புச் சான்றிதழ், ஆதார் ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருங்கள். ஓராண்டு முடிவில் இயலவில்லை எனத் தெரிந்தால் மீண்டும் பள்ளியில் சேர்ப்பதில் எந்த அவமானமும் இல்லை. பிள்ளையின் எதிர்காலத்தை விட நம் பிடிவாதம் பெரிதன்று.

ஜமாஅத்தார்களே! நமக்கும் இதில் கடமையுண்டு. கட்டணம் கட்ட முடியாததால்தான் ஒரு பிள்ளை வீட்டில் இருக்கிறது என்றால், அது அந்தக் குடும்பத்தின் பிரச்சினை மட்டுமன்று. நம் பைத்துல்மால் எதற்கு இருக்கிறது? படித்த சகோதரிகள் வாரம் ஒரு மணி நேரம் ஒதுக்கினால் எத்தனை வீடுகள் ஒளிபெறும்! ஒரு நெசவாளி தம் மகனைத் தறியிலிருந்து எழுப்ப விரும்பினால், அவருக்குத் துணையாள் கூலி கொடுத்து உதவுவதும் ஸதகாவே.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எங்களுக்குக் கண்குளிர்ச்சியாக ஆக்குவாயாக! நீ ஒப்படைத்த அமானிதத்தில் நாங்கள் மோசடி செய்யாதவர்களாக எங்களைக் காப்பாயாக! கற்பிக்கும் தாய்மார்களுக்குப் பொறுமையையும், உழைக்கும் தந்தையருக்கு ஹலாலான ரிஸ்கில் பரக்கத்தையும் தந்தருள்வாயாக! ஆமீன். யா ரப்பல் ஆலமீன்.