நோயாளியின் மனமும் ஊராரின் கடமையும்

(படப்பையில் ஊராட்சி உறுப்பினர்களும் உழவர்களும் கூடிய கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஏரி மதகைப் பற்றியதன்று. விதையையும் உரத்தையும் பற்றியதும் அன்று. கொரோனா என்னும் கொள்ளை நோய்க் காலத்தில் புற்றுநோயாளிகளின் மனம் என்ன பாடுபட்டது என்பதைப் பற்றியது. அது மருத்துவர்களுக்குரிய பொருளாயிற்றே, பஞ்சாயத்துக்கு இதில் என்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். வேலை நிறைய உண்டு என்று கூறவே வந்தேன்.

2020ஆம் ஆண்டு மார்ச்சு 25ஆம் நாள் முதல் 21 நாட்களுக்கு நாடெங்கும் ஊரடங்கு என்று அறிவிக்கப்பட்டது தங்களுக்கு நினைவிருக்கும். நம்மில் பலருக்கு அவை வீட்டில் அடைந்து கிடந்த நாட்கள், அவ்வளவே. ஆனால் புற்றுநோய்க்கு மருந்து ஏற்றிக்கொள்ளும் பலருக்கு ஒரு தவணைக்கும் அடுத்த தவணைக்கும் இடையிலுள்ள காலமும் 21 நாட்களே. ஊரடங்கு மீண்டும் நீட்டிக்கப்பட்டபொழுது அவர்கள் தவறிப்போகும் தவணைகளை எண்ணிக் கலங்கினார்கள். கதிர்வீச்சுச் சிகிச்சையோ பெரும்பாலும் வாரத்தில் 5 நாட்களாகப் பல வாரங்கள் விடாமல் செய்யப்பெறுவது. நாற்று நட்ட மறுநாளே மதகு அடைபட்டால் உழவர் உறங்குவாரா? அவர்களும் உறங்கவில்லை.

இவ்வூர்க் குடும்பம் ஒன்றை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். அவ்வீட்டுத் தாய் அடையாறு புற்றுநோய் நிலையத்தில் சிகிச்சை பெறுபவர். முடிச்சூர் வழியே தாம்பரம் சென்று, அங்கே பேருந்து மாறி அடையாறு சேர்வது அவர் வழக்கம். 2019ஆம் ஆண்டு நவம்பரில் செங்கற்பட்டு தனி மாவட்டமாயிற்று. அதன்பின் படப்பையிலிருந்து புறப்படுவோர் காஞ்சிபுரம் மாவட்டத்தை விட்டுச் செங்கற்பட்டு மாவட்டத்துள் புகுந்து, பிறகு சென்னையுள் புகவேண்டும். அதற்குமுன் எவரும் பொருட்படுத்தாத அந்த எல்லைகளில் ஊரடங்கின் தொடக்க மாதங்களில் தடுப்புகள் நின்றன, பேருந்து இல்லை, வாடகைக் காருக்குப் பணமும், கையில் இ-பாஸும் வேண்டியிருந்தன. மேற்கே வாலாஜாபாத் வழியாகக் காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அறிஞர் அண்ணா நினைவுப் புற்றுநோய் மருத்துவமனைக்குச் செல்வதாயின் மாவட்ட எல்லை குறுக்கிடாது என்பது உண்மையே. ஆனால் பாதிச் சிகிச்சையில் இருப்பவர் நினைத்தவுடன் மருத்துவமனையை மாற்றிக்கொள்ள இயலுமா?

இது ஒரு வீட்டின் துன்பமன்று. நாட்டிலுள்ள 41 புற்றுநோய் மருத்துவ நிலையங்களின் கணக்குகளை ஒப்பிட்ட ஆய்வொன்று 2021இல் வெளிவந்தது. 2019இல் மார்ச்சு முதல் மே முடிய 1,12,270 புதிய நோயாளிகள் அந்நிலையங்களில் பதிவு செய்துகொண்டனர்; 2020இல் அதே மூன்று மாதங்களில் 51,760 பேரே பதிவு செய்துகொண்டனர். பெரிய அறுவைச் சிகிச்சைகள் 49 விழுக்காடு குறைந்தன. நோய் குறைந்துவிட்டது என்று எவரும் மகிழ வேண்டா. வரவேண்டியவர்கள் வரவில்லை, கட்டியைத் தடவிப் பார்த்தபடி வீட்டிலேயே இருந்துவிட்டார்கள்.

அவர்களுடைய அச்சம் இருமுனைக் கத்தி போன்றது. புற்றுநோய் மருந்துகள் பல, இரத்தத்திலுள்ள வெள்ளை அணுக்களைக் குறைப்பவை. அதனால் தொற்றைத் தாங்கும் ஆற்றலும் குறையும். மருத்துவமனைக்குப் போனால் கொரோனா பற்றிக்கொள்ளுமோ, போகாவிட்டால் புற்று வளர்ந்துவிடுமோ என்று இரவெல்லாம் எண்ணிக் கிடந்தவர்கள் பலர். இவற்றுள் எந்த அச்சத்தையும் வீண் அச்சம் என்று தள்ளிவிட முடியாது.

நிற்க. ஊரார் செய்ததையும் மறைக்காமல் சொல்லவேண்டும். மருந்தினால் முடி கொட்டியவரையும், நுரையீரல் நோயினால் இருமுபவரையும் கண்டு கதவைச் சாத்திக்கொண்டோம். புற்றுநோய் தொட்டாலோ, உடன் உண்டாலோ ஒட்டுவதன்று. ‘சமூக இடைவெளி’ என்ற சொல்லை ஆக்கியவர் யாரோ, எனக்கு அது பிடிக்கவில்லை. வேண்டியிருந்தது உடல்களுக்கிடையே இடைவெளிதான். முகக்கவசம் அணிந்து, திண்ணைக்கு அப்பால் நின்று, “அக்கா, சாப்பிட்டீர்களா?” என்று கேட்பதை எந்தச் சட்டமும் தடுக்கவில்லை.

அடையாறு நிலையம் தோன்றிய வரலாறே துயரத்தில் பிறந்தது. தம் தங்கையை இந்நோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவர்கள் 1954இல் 12 படுக்கைகளுடன் அதனைத் தொடங்கினார். அங்கேயே வாழ்நாளைச் செலவிட்ட டாக்டர் வி. சாந்தா அவர்கள், கொள்ளை நோய் ஓயுமுன்பே, 2021 ஜனவரி 19ஆம் நாள் மறைந்தார். நோயாளியின் மனத்தைக் கவனிப்பதற்கென்றே அந்நிலையத்தில் தனித் துறை ஒன்று உண்டு. மனத்தளர்ச்சி கோழைத்தனமன்று, அதுவும் கவனித்துத் தீர்க்கத்தக்கது என்பதை மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டதற்கு இதுவே சான்று.

இனிப் பஞ்சாயத்தின் வேலைக்கு வருகிறேன். 2020இல் நம் மாவட்டத்து ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரும் இல்லை. 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களுக்குத் தேர்தல் நடந்தது. காஞ்சிபுரம் உள்ளிட்ட 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரில்தான் நடந்தது. தனி அலுவலர் ஒருவர் எத்தனை வீட்டுக் கதவைத் தட்டுவார்? வார்டு உறுப்பினருக்கோ தம் வார்டில் யார் வீட்டு அடுப்பு எரியவில்லை என்பது தெரியும்.

நோயாளியிடம் சென்று “ஒன்றும் ஆகாது, தைரியமாயிரு” என்று கூறித் திரும்புவதால் பயன் சிறிதே. “செவ்வாய்க்கிழமை வண்டி வரும், உடன் இன்னார் வருவார், மருத்துவமனையில் பேசி நாள் குறித்தாயிற்று” என்று சொல்லிப் பாருங்கள். அன்றிரவு அவர் உறங்குவார். ஆகவே சிகிச்சையில் இருப்போர் யார், எந்த மருத்துவமனை, அடுத்த தவணை என்று என்னும் குறிப்பு ஒன்று, அவரவர் இசைவுடன், உறுப்பினர் கையில் இருக்கட்டும். அதனைக் கிராம சபையில் உரக்கப் படிக்க வேண்டா! வாடகைக்கு வண்டி ஓட்டும் இளைஞர் இருவரிடம் முன்கூட்டியே பேசி வையுங்கள். அடுத்த கொள்ளை நோய் வந்தபின் தேடினால் கிடைக்கமாட்டார்கள். 2021 ஆகஸ்டு முதல் நடைபெறும் மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில், படுக்கையில் இருப்போருக்கு வலி தணிக்கும் பராமரிப்பு வீட்டிலேயே கிடைக்க வழியுண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

உழவர்களுக்குத் தனியே ஒன்று கூறவேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலாக உணவிலும் உறக்கத்திலும் நாட்டமின்றி, “நான் எல்லோருக்கும் பாரமாகிவிட்டேன்” என்று நோயாளி கூறுவாராயின், அதனை வெறும் அலுப்பு என்று விட்டுவிடாதீர்கள். அருகில் அமர்ந்து கேளுங்கள், பேச விடுங்கள், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். பூச்சி மருந்துப் புட்டிகளை வீட்டு மூலையிலும் மாட்டுக் கொட்டிலிலும் வைக்கும் வழக்கம் நம்மிடம் உள்ளது. அவற்றைப் பூட்டி, சாவியை வேறொருவரிடம் கொடுத்துவிடுங்கள். 14416 என்ற எண்ணில் மனநல ஆலோசனை இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழில் கிடைக்கிறது. அந்த எண்ணை ஊராட்சி அலுவலகச் சுவரிலும், நியாயவிலைக் கடைச் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். வண்ணத்துக்கு ஆகும் செலவு பெரிதன்று.

நான் பேசியது போதும். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலர் இங்கு வந்திருக்கிறார். ஐயம் உள்ளவர்கள் கேட்கலாம். எல்லோர் முன்னிலையிலும் கேட்க விருப்பமில்லாதவர்கள், கூட்டம் முடிந்தபின் தனியே வந்து அவரைக் காணலாம்.