வார்டிலிருந்து தொடங்கட்டும்!

(ஒரகடத்தில் நடைபெற்ற இளைஞர் - வணிகர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

2024 பிப்ரவரியில் மர்யம் நவாஸ், பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாண முதல்வராகப் பொறுப்பேற்றார். அந்நாட்டில் ஒரு மாகாணத்திற்குப் பெண் முதல்வரானது அதுவே முதல் முறை. இதைக் கேட்டு, "முஸ்லிம் பெண்ணுக்கு அரசியல் எதற்கு?" என்பார்கள் சிலர். "அங்கே பாருங்கள், நாம்தான் பின்தங்கிவிட்டோம்" என்பார்கள் வேறு சிலர். இரு சாராருக்கும் இன்று பதில் சொல்லியாக வேண்டும்.

முதலாமவர்களுக்கு ஹுதைபிய்யாவை நினைவூட்டுகிறேன். உடன்படிக்கை முடிந்து, குர்பானி கொடுத்துத் தலைமுடி களையுமாறு நபிகள் நாயகம் (ஸல்) கூறியபோது, துயரத்தில் இருந்த தோழர்கள் எழவில்லை. "தாங்கள் முதலில் செய்யுங்கள், அவர்கள் பின்தொடர்வார்கள்" என்ற கருத்தில் ஆலோசனை சொன்னவர் அன்னை உம்மு ஸலமா (ரலி). அந்த ஆலோசனை ஏற்கப்பட்டது, நிலைமை மாறியது. ஒரு சமுதாயத்தின் நெருக்கடியான நேரத்தில் ஒரு பெண் சொன்ன கருத்து அது.

இரண்டாமவர்களுக்குச் சொல்வேன்: அஸ்ஸாம் மாநிலத்தில் சையதா அன்வரா தைமூர் 1980 டிசம்பரிலேயே முதல்வரானார். பஞ்சாப் மாகாணச் சபையின் 371 இடங்களில் 66 பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. ஆனால் அவற்றுக்குத் தேர்தல் இல்லை. கட்சிகள் வென்ற பொது இடங்களின் கணக்குப்படி, கட்சி கொடுக்கும் பட்டியலிலிருந்து உறுப்பினர்கள் வருகிறார்கள். அவர்களுக்கென்று தொகுதி கிடையாது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்று அவர்கள் வாசலில் வந்து நிற்க ஒரு வாக்காளரும் கிடையாது. மர்யம் நவாஸ் லாகூரில் பொதுத்தொகுதியில் நின்று வென்றவர்தான். எனினும், மூன்று முறை பிரதமராக இருந்தவரின் மகள் அவர். எல்லா வீட்டுப் பெண்களுக்கும் அந்த வழி திறந்திருக்காது.

வேறு வழி உண்டா? உண்டு. அது நம் தமிழ்நாட்டிலேயே இருக்கிறது.

தோல் பதனிடும் தொழிலுக்குப் பெயர்பெற்ற வாணியம்பாடியில் மருத்துவராக இருந்தவர் டாக்டர் நிலோபர் கபில். அந்த ஊரின் நகர்மன்றத் தலைவரானார். 2016 சட்டமன்றத் தேர்தலில் அ.இ.அ.தி.மு.க. வேட்பாளராக நின்று, முஸ்லிம் லீக் வேட்பாளரைத் தோற்கடித்தார். ஜெயலலிதா அமைச்சரவையில் தொழிலாளர் நலத்துறை அமைச்சரானார். 2021 வரை அப்பொறுப்பில் இருந்தார்.

சகோதரர்களே, அந்தத் துறை என்னவென்று இந்த ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டுமா? 2018-ல் இதே ஒரகடத்தில் யமஹா, ராயல் என்ஃபீல்டு தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்தப் பிரச்சினைகள் போய்ச் சேரும் துறை அது. ஆலையின் சங்கு ஊதினால்தான் நம் டீக்கடையும் மெஸ்ஸும் மளிகைக்கடையும் நடக்கும். அத்தகைய துறை ஒரு முஸ்லிம் பெண்மணியின் கையில் ஐந்தாண்டு இருந்தது. நம்மில் எத்தனை பேர் அதைக் கவனித்தோம்?

முடிவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 2021 தேர்தலில் அவருக்கு மீண்டும் வாய்ப்புத் தரப்படவில்லை. அதே ஆண்டு கட்சியிலிருந்து நீக்கப்பட்டு, பின்னர் தி.மு.க.வில் இணைந்தார். அந்தக் கட்சிச் சச்சரவுக்குள் நான் போகவில்லை. வாக்குகள் ஒருவரைச் சபைக்கு அனுப்பும். ஆனால் அடுத்த தேர்தலில் அவர் நிற்பதைக் கட்சித் தலைமை முடிவு செய்யும். ஊரில் ஓர் அமைப்பு பின்னால் இல்லாதவர், ஆணானாலும் பெண்ணானாலும், தலைமையின் ஒரு கையெழுத்தில் வெளியே நிற்பார்.

நம் அமைப்புகள் என்ன செய்தன? கேரளத்தில் முஸ்லிம் லீக் 1996-ல் கமருன்னிஸா அன்வரைச் சட்டமன்றத்திற்கு நிறுத்தியது. அடுத்த பெண் வேட்பாளராக நூர்பினா ரஷீத் நிறுத்தப்பட்டது 2021-ல்! இடையில் 25 ஆண்டுகள். இருவருமே வெல்லவில்லை. சென்னையில் பாத்திமா முஸப்பர் 2022-ல் மாநகராட்சி உறுப்பினராக வென்றது ஆறுதலான செய்தி. அவரும் அப்துல் சமத் சாஹிபின் மகள் என்பதை நினைவில் வையுங்கள். தலைவர் வீட்டுக்கு வெளியே இருக்கும் பெண்கள் எப்போது வருவார்கள்?

கதவைச் சட்டம் திறந்து வைத்திருக்கிறது. 1996 உள்ளாட்சித் தேர்தலிலேயே மூன்றில் ஒரு பங்கு இடங்கள் பெண்களுக்கு வந்தன. 2016-ல் தமிழக அரசு அதைப் பாதியாக உயர்த்திச் சட்டம் செய்தது. இவை பட்டியலில் வரும் இடங்களல்ல. வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்டு வெல்ல வேண்டிய இடங்கள். ஆனால் நாம் என்ன செய்கிறோம்? வார்டு பெண்களுக்கென்று அறிவித்தால், மனைவியின் பெயரில் மனு, கணவரின் படத்தோடு சுவரொட்டி! வென்றபின் நாற்காலியிலும் அவரே! இது அமானிதத்தைப் பேணுவதாகுமா?

நம் பகுதியைப் பாருங்கள். 2021 டிசம்பரில் விடுதி உணவு நஞ்சானதால் நூற்றுக்கணக்கான பெண் தொழிலாளர்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தார்கள். 2024-ல் வல்லம் வடகாலில் 18,720 பெண்கள் தங்கும் விடுதி திறக்கப்பட்டது. குடிநீர், கழிவுநீர், தெருவிளக்கு, இரவுப் பேருந்து என்று இவர்களின் தேவைகள் பலவும் முதலில் உள்ளாட்சிக்கே வருகின்றன. அங்கே உட்கார்ந்து பேச ஒரு பெண் வேண்டாமா?

இளைஞர்களே, உங்கள் முஹல்லாவில் 18 வயது நிறைந்த ஒவ்வொரு பெண்ணின் பெயரும் வாக்காளர் பட்டியலில் இருக்கிறதா என்று பாருங்கள். வணிகர்களே, தேர்தல் செலவுக்குக் கொடுக்கும்போது, "வேட்பாளர் தாமே சபையில் பேசுவாரா?" என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். ஜமாஅத் பெரியோர்களே, படித்த பெண்களின் கருத்தை ஊர் விவகாரத்தில் கேளுங்கள். ஊரில் பேசிப் பழகியவர்தான் மன்றத்தில் பேசுவார்.

அமைச்சர் பதவிக்குப் போன அந்த வழியின் ஒரு படி நகர்மன்றம். அந்தப் படி நம் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறது. அதில் நம் பெண்கள் கால் வைக்க நாம் தடையாக இல்லாமலிருந்தால், மற்றவற்றை அவர்களே பார்த்துக்கொள்வார்கள், இன்ஷா அல்லாஹ்.