பிள்ளைக்கான படிவம்

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பொறந்தது அரியலூர் மாவட்டம் செந்துறை பக்கம். வாழ்க்கைப்பட்டு வந்தது பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பக்கம். பத்தாவது வரைக்கும் படிச்சிருக்கேன். படிவம் நிரப்புறதைப் பத்தி என்னைப் பேசச் சொன்னாங்க. கடன் படிவம் இல்லை, பிள்ளைக்கான படிவம்.

என் சின்னவன் மூணாவது படிக்கும்போது எழுத்துக்கூட்டிப் படிக்கவே திணறினான். வட்டார வள மையத்துல மருத்துவ மதிப்பீட்டு முகாம் நடக்குது, கூட்டிட்டுப் போங்கன்னு டீச்சர் சொன்னாங்க. எங்க மாமியாருக்கு மனசு ஒப்பலை. "அட்டை கிட்டைன்னு வாங்கிட்டா ஊரு என்ன பேசும்?"னு கேட்டாங்க. "அத்தை, ஊரு இப்பவே மக்குன்னுதான் பேசுது. என்ன காரணம்னு கேட்டுட்டு வந்துடுறேன்"னு சொல்லிட்டுக் கிளம்பினேன்.

அங்க சிறப்பாசிரியர் ஒரு படிவத்தை வச்சுக்கிட்டு கேள்வி கேட்டாங்க. எத்தனாவது மாசத்துல பொறந்தான்? பொறந்ததும் அழுதானா? எடை எவ்வளவு? கழுத்து எப்ப நின்னுச்சு, எப்ப நடந்தான், எப்ப பேசினான்? வலிப்பு வந்திருக்கா? சொந்தத்துல கல்யாணமா? இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டதும் பல பேருக்குக் கோபம் வருது. யார் மேலயும் பழி போடறதுக்காகக் கேக்குறதில்லை. பரம்பரையா வர்ற காரணம் ஏதாவது இருக்கான்னு பாக்கத்தான். உள்ளதை உள்ளபடி சொல்லணும்.

பொறந்த எடை, தேதி எல்லாம் தாய் சேய் நல அட்டையில இருக்கும், அதைப் பத்திரமா வச்சிருங்க. நடந்த மாசம், பேசின மாசம் ஞாபகம் இல்லைன்னா பண்டிகையை வச்சுக் கணக்குப் போடுங்க. என் பையன் பொறந்தது ஆடியில. ரெண்டாவது பொங்கலுக்கு வாசல்ல கோலத்தை மிதிச்சுக்கிட்டு நடந்தான். அப்ப ஒன்றரை வயசுன்னு எழுதினோம்.

"பிள்ளைக்கு என்ன சிரமம்?"னு ஒரு இடம் இருக்கும். அதுல "மந்தம்", "சரியாப் படிக்கலை"ன்னு எழுதினா டாக்டருக்கு ஒண்ணும் புரியாது. நான் இப்படிச் சொன்னேன்: "எழுத்தை மாத்தி மாத்தி எழுதுறான். பலகையைப் பாத்து நாலு வரி எழுத ரொம்ப நேரம் ஆகுது. ஆனா பருத்தி எடை போடும்போது வாயாலயே கூட்டிச் சொல்லிடுவான். கதை சொன்னா மறக்காம திருப்பிச் சொல்வான்." முடியாததையும் சொல்லணும், முடியறதையும் சொல்லணும். டாக்டர் பிள்ளையைப் பாக்குறது கொஞ்ச நேரம். நாமதான் தினமும் பாக்குறோம்.

முதல்ல கண்ணையும் காதையும் சோதிச்சாங்க. பலகை தெரியாத பிள்ளையும், காது மந்தமான பிள்ளையும் படிப்பு வராத பிள்ளை மாதிரியே தெரியும். இவனுக்கு ரெண்டும் நல்லா இருந்துச்சு. அப்புறம்தான் கற்றல் குறைபாடுன்னு சொன்னாங்க. இப்ப அஞ்சாவது படிக்கிறான். இன்னும் மெதுவாத்தான் படிக்கிறான். ஆனா வீட்ல யாரும் மக்குன்னு சொல்றதில்லை, அவனும் பள்ளிக்கூடம் போக அழறதில்லை.

1995-ம் வருஷச் சட்டத்துல 7 வகைக் குறைபாடுதான் இருந்துச்சு. 2016-ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துல 21 வகை இருக்கு. கற்றல் குறைபாடும் ஆட்டிசமும் அதுல சேர்ந்திருக்கு. 40 சதவீதமும் அதுக்கு மேலயும் குறைபாடுன்னு சான்று இருந்தா 6 வயசுலேருந்து 18 வயசு வரைக்கும் இலவசக் கல்வி பெற உரிமை உண்டு. பத்தாவது பொதுத்தேர்வுல கூடுதல் நேரம், சொல்லச் சொல்ல எழுதுறவர் மாதிரி சலுகைகளைத் தலைமை ஆசிரியர் மூலமா முன்கூட்டியே கேக்கலாம். இதுக்கெல்லாம் சான்று வேணும். சான்றுக்கு முதல் படி அந்தப் படிவம்.

போகும்போது ஆதார், ரேஷன் கார்டு, போட்டோ, பழைய மருத்துவச் சீட்டு, பள்ளிக்கூடத்து எமிஸ் எண் எல்லாம் எடுத்துக்குங்க. எல்லாத்துலயும் பேரும் பிறந்த தேதியும் ஒண்ணா இருக்கான்னு பாருங்க. நகலைக் கொடுத்துட்டு அசலை வீட்டுக்குக் கொண்டு வாங்க. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி, எழுதினதை ஒரு தடவை படிச்சுக் காட்டச் சொல்லுங்க.

கடன் படிவம்னா எத்தனை தடவை சரி பாக்குறோம்! உறுப்பினர் பேரு, கணக்கு எண், தீர்மானம்னு ஒண்ணு விடறதில்லை. அதே கவனம் பிள்ளை படிவத்துக்கும் வேணும். அதனால கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். எழுதப் படிக்கத் தெரியாத அம்மா யாராவது முகாமுக்குப் போனா, குழுவுல படிச்ச ஒருத்தர் கூடப் போகணும். முதல் நாள் ராத்திரியே உக்காந்து பிள்ளையைப் பத்தி அந்த அம்மா சொல்லச் சொல்ல ஒரு தாள்ல எழுதித் தரணும். இதை அடுத்த கூட்டத்துல தீர்மானமா எழுதிடலாம். முதல் ஆளா என் பேரைப் போட்டுக்குங்க.