பெயர் மறைந்து வரும் கதைகள்



ஓர் எழுத்தாளர் மறைந்தபின் அவர் நினைவைப் போற்ற விழைவோர் பல வழிகளை நாடுகின்றனர். சிலை எழுப்புவோர் உண்டு. தெருவுக்குப் பெயரிடுவோர் உண்டு. ஆண்டுதோறும் கூட்டம் கூட்டிப் புகழுரை நிகழ்த்துவோரும் உண்டு. இவற்றுள் ஆரவாரம் குறைந்த வழி ஒன்று இருக்கிறது. அவர் வாழ்ந்த வட்டாரத்தில், இதுவரை ஒரு கதையும் அச்சேறாத புதியவர்களுக்கென்று அவர் பெயரால் சிறுகதைப் போட்டி நடத்துவதே அது. அதன் பயன் யாது, அதனை எவ்வாறு நடத்துதல் வேண்டும் என்பதை இன்று சிறிது சிந்திப்போம்.

புதிய எழுத்தாளனுக்குப் பணமுடை இருக்கலாம். ஆயினும் அவனுடைய பெருங்குறை வேறு. அவன் கதையை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை பொறுமையுடன் படிக்க ஆள் இல்லை. வீட்டார் படிப்பர், அன்பினால் புகழ்வர். பத்திரிகை அலுவலகத்திலோ நாள்தோறும் வந்து குவியும் தாள்களிடையே, அறிந்த பெயருக்கே முதலில் கண் செல்லும். போட்டி ஒன்று ஏற்பட்டுவிட்டால், யாரோ ஒருவர் அக்கதையைப் படித்தே தீரவேண்டும். பரிசுத் தொகையினும் இந்தக் கட்டாயமே பெரிது.

இந்தியாவில் இதற்குப் பழைய சான்று வங்காளத்தில் உள்ளது. கல்கத்தாவில் ஹேமேந்திர மோகன் போஸ் என்ற வணிகர் 'குந்தலீன்' என்னும் கூந்தல் தைலத்தையும் 'தேல்கோஷ்' என்னும் வாசனைப் பொருளையும் தயாரித்து விற்றுவந்தார். 1896ஆம் ஆண்டில் அவர் 'குந்தலீன் பரிசு' என்ற சிறுகதைப் போட்டியைத் தொடங்கினார். கதையில் அப்பொருள்கள் இடம்பெற வேண்டும். ஆயினும் விளம்பரம் என்று தோன்றலாகாது. இதுவே நிபந்தனை. முதலாண்டின் முதற்பரிசு, ஆசிரியர் பெயரின்றி வெளிவந்த ஒரு கதைக்குக் கிட்டியது. கடற்பயணி ஒருவன் ஒரு புட்டி தைலத்தை ஊற்றிப் புயலை அடக்குவதாக அமைந்த கதை அது. எழுதியவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸ். பின்னர் 1921இல் அவரே அதனைத் திருத்தி, 'அவ்யக்த' என்னும் தம் நூலில் சேர்த்தார்.

அதே போட்டியில் 1903இல் 'மந்திர்' என்ற கதை முதற்பரிசு பெற்றது. அனுப்பியவர் பெயர் சுரேந்திரநாத் கங்கோபாத்தியாயர். உண்மையில் எழுதியவரோ, மாமன் முறையினரான அவருடைய பெயரை இரவல் பெற்ற சரத் சந்திர சட்டோபாத்தியாயர். அவ்வாண்டிலேயே சரத் சந்திரர் பிழைப்பு நாடிக் கப்பலேறி ரங்கூன் சென்றார். அவர் அச்சில் கண்ட முதற்கதை, பிறர் பெயரில் வந்த அந்தக் கதைதான்.

ஒருவர் பெரும் விஞ்ஞானி. மற்றவர் வேலை தேடி அலைந்த இளைஞர். இருவர் கதைகளையும் மதிப்பிட்டவர்கள் எழுதியவர் யார் என்பதைக் கொண்டு பரிசு தரவில்லை. எழுத்தைக் கொண்டே தந்தனர்.

இவ்வாறு போட்டி வழியே புகழ் பெற்றோர் பிற மொழிகளிலும் உண்டு. மலையாளத்தில் 'மாத்ருபூமி' வார இதழின் மூலம் 1954இல் நடந்த உலகச் சிறுகதைப் போட்டியில் எம். டி. வாசுதேவன் நாயரின் 'வளர்த்து மிருகங்கள்' முதற்பரிசு பெற்றது. 1970இல் அவ்விதழ் கல்லூரி மாணவர்களுக்கென நடத்திய போட்டியில் என். எஸ். மாதவன் பரிசு பெற்றார். ஆனால் பரிசு மட்டுமே எழுத்தாளனை வளர்த்துவிடாது என்பதற்கும் சரத் சந்திரரே சான்று. 'மந்திர்' பரிசு பெற்றபின் அவர் பெயர் வங்க வாசகரிடையே பரவவில்லை. 1907இல் 'பாரதி' இதழில் 'படதிதி' தொடராக வந்த பிறகே அவரைப் பற்றிய பேச்சு எழுந்தது. இடைப்பட்ட ஆண்டுகளை அவர் பர்மாவில் எழுத்தராகவே கழித்தார். ஆகவே போட்டி நடத்துவோர் மேடையில் மாலை சூட்டி அனுப்புவதோடு கடமை தீர்ந்ததென எண்ணலாகாது. அடுத்த கதையை எழுதச் செய்வதும், அதனை ஓர் இதழாசிரியர் கண்ணில் படச் செய்வதும் அவர்கள் பொறுப்பேயாகும்.

நினைவுப் போட்டிக்கென்றே தனியாக ஓர் ஆபத்தும் உண்டு. மறைந்த எழுத்தாளரின் நடையைப் போலவே எழுதினால் பரிசு கிடைக்கும் என்று புதியவர்கள் எண்ணிவிடுகின்றனர். நடுவர்களும் சில வேளைகளில் அதற்கு மயங்கிவிடுகின்றனர். பின்னர் வருவனவெல்லாம் நிழல்களே. தம் காலத்தில் புதுவழி கண்டவர் என்பதற்காகத்தானே அவரை நினைவுகூர்கிறோம்? அவரைப்போல் எழுதாதவனே அவருக்கு உண்மையான வாரிசு.

சில ஆண்டுகளுக்கு முன், வடபுலத்தில் வாழும் தமிழர்களுக்கென நடந்த நினைவுப் போட்டி ஒன்றில் நடுவர் மூவருள் ஒருவராக நாமும் அமர நேர்ந்தது. எண் மட்டும் இட்டிருந்த ஒரு கதையைப் பற்றி வாதம் எழுந்தது. தில்லியில் அரசாங்கக் குடியிருப்பு, மார்கழிக் குளிர். ஒரு தாய் 'அங்கீட்டி'யில் கரி மூட்டி, வாசலில் புகை அடங்கியதும் உள்ளே கொணர்ந்து வைத்து, மகன் வரும்வரை காத்திருக்கிறாள். மகனுக்கு மாற்றல் உத்தரவு வந்துவிட்டது. அவளிடம் சொல்ல அவனுக்கு வாய் எழவில்லை. கதை அவ்வளவே. "கணப்புச் சட்டி என்று தமிழில் எழுதத் தெரியாதவருக்குப் பரிசா?" என்றார் உடனிருந்த முதியவர்.

அவர் கேள்வி புறக்கணிக்கத் தக்கதன்று. அரசாங்கக் கோப்புகளில் வரும் சொற்களுக்கெல்லாம் தமிழ்ச் சொல் தேடுவதே நம் அன்றாட உத்தியோகம். ஆயினும் இவ்விடத்தில் அந்தச் சொல்லுக்காகவே வாதாடினோம். கணப்புச் சட்டி என்றால் பொருள் விளங்கும். ஆனால் ஊர்விட்டு வந்த அந்த அம்மாள், அண்டை வீட்டுப் பஞ்சாபிப் பெண்ணிடம் கற்றுக்கொண்ட சொல் மறைந்துபோகும். சொல்லோடு அந்த அண்டை வீட்டாளும் மறைந்துபோவாள். மகன் பிரித்துக் கொண்டுபோகப்போவது அந்த உறவையும் சேர்த்துத்தானே? முதியவர் கதையை மீண்டும் ஒருமுறை உரக்கப் படிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு ஒன்றும் பேசவில்லை. தம் தாளில் எழுதியிருந்த மதிப்பெண்ணை அடித்துவிட்டு வேறு எழுதினார். கதைக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. பெயர்த்தாளைப் பிரித்தபோது, மூவரில் எவரும் கேள்வியுறாத பெயராக இருந்தது.

வட்டாரப் போட்டியின் சிறப்பு இங்கேதான் விளங்கும். பணீஸ்வரநாத் ரேணு 1954இல் வெளியிட்ட 'மைலா ஆஞ்சல்' பீகாரின் பூர்ணியாப் பகுதிக் கிராம வாழ்வை அப்பகுதிப் பேச்சோடு இந்தி இலக்கியத்துள் கொணர்ந்தது. அவரே அதனை வட்டார நாவல் என்று குறித்தார். ஓரிடத்துப் பேச்சைக் கேட்டுப் பழகிய செவி, நடுவர் குழுவில் ஒன்றேனும் இருந்தால்தான் இத்தகைய எழுத்து பிழைக்கும்.

ஆகவே போட்டி நடத்துவோர் சில நியமங்களைக் கைக்கொள்ளுதல் நன்று. பெயரும் முகவரியும் தனித்தாளில் இருக்கட்டும். கதைக்கு எண் ஒன்றே அடையாளமாகட்டும். ஒவ்வொரு கதையையும் இருவரேனும் முழுதும் படிக்கட்டும். 'அச்சேறாதவர்' என்பதன் பொருளை முன்கூட்டியே தெளிவாக அறிவிக்கட்டும்; கல்லூரி மலரில் வந்ததும் கைப்பேசித் திரையில் வெளியிட்டதும் கணக்கில் சேருமா என்ற ஐயத்திற்கு இடம் வைத்தலாகாது. நுழைவுக் கட்டணத்தை அறவே விலக்கட்டும். பரிசு பெறாதவருக்கும் அவர் கதையின் குறைநிறைகளை இரண்டு வரியில் எழுதி அனுப்பட்டும். பரிசு பெறுவோர் சிலரே. அந்த இரண்டு வரியோ அனைவருக்கும் கிட்டும்.

பெட்டியின் அடியில் ஒரு கதையை மறைத்து வைத்திருப்போர் இவ்வுரையைக் கேட்போரிடையே இருக்கக்கூடும். உங்கள் வட்டாரத்தில் இத்தகைய போட்டி நடக்குமாயின், தயங்காது அனுப்புங்கள். நடுவராக அமரும் பேறு பெற்றோர், கையிலுள்ள எண்ணிட்ட தாளை அலட்சியமாகப் புரட்டாதிருப்பார்களாக. அதில் மறைந்திருக்கும் பெயர் நாளை ஊரறிந்த பெயராகலாம், ஆகாமலே போகலாம். எவ்வாறாயினும் முழுதும் படிக்கப்பெறும் உரிமை அக்கதைக்கு உண்டு. அந்த உரிமையைக் காப்பதே மறைந்த எழுத்தாளருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.