"நாந்தான் பிழையா அமத்திட்டேன் சேர்"



போனில் ஒரு செயலி திடீரென்று நின்றுபோகிறது. அந்தச் செய்தி, அதை உருவாக்கியவர்களுக்குத் தானாகவே போய்ச் சேருகிறது. இந்த ஏற்பாடு மக்களுக்கு நன்மையா, அவர்களுடைய அந்தரங்கத்துக்கு ஆபத்தா என்று இந்த ஹட்டன் விவாத மேடையில் கேட்டிருக்கிறீர்கள், நடுவர் அவர்களே. நன்மைதான் என்று சொல்ல எழுந்து நிற்கிறேன்.

2020 இல் கொரோனாவால் பாடசாலைகள் மூடிக் கிடந்த காலம். நான் படிப்பித்த வகுப்பில் ஒரு பிள்ளைக்குத் தோட்டத்து லயத்தில் சிக்னல் கிடையாது. தேயிலை மலையில் மேட்டுப் பக்கம் ஏறி, ஒரு கையில் குடையும் மறு கையில் அம்மாவின் பழைய போனுமாக நின்று ஒப்படையைப் படம் பிடிப்பாள். அனுப்பும் நேரத்தில் செயலி மூடிக்கொள்ளும். மூன்று நாள் இப்படியே நடந்தது. ஏன் அனுப்பவில்லை என்று நான் சற்றுக் கோபமாகத்தான் கேட்டேன். "நாந்தான் ஏதோ பிழையா அமத்திட்டேன் சேர்" என்றாள். அவள் ஒன்றும் பிழையாக அமத்தவில்லை. நினைவகம் குறைந்த பழைய போன்களில் பெரிய படத்தைக் கொடுத்தால் அந்தச் செயலி தாங்காமல் விழுந்துவிடும் என்று பிறகுதான் தெரிந்தது. அந்தப் பிள்ளையிடம் கோபப்பட்டதை நான் இன்னும் மறக்கவில்லை.

இயந்திரம் பிழை விட்டால் ஏன் நம் பிள்ளை தன்னைக் குற்றம் சொல்கிறாள்? அதற்குப் பதில் தேட, எதிரணியில் பேசிய தங்கை ஞாபகப்படுத்திய தகரத்துண்டுக்குப் போவோம். நியாயமான ஞாபகம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நம் முன்னோர் இந்தியாவிலிருந்து தோட்ட வேலைக்குக் கப்பலேறி வந்தபோது, தோட்டத்தின் இலக்கமும் ஆளின் இலக்கமும் பொறித்த தகரத்தைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தார்கள். கடன் தீர்ந்தால்தான் ஆளை விடுவேன் என்று எழுதிய துண்டுச்சீட்டு முறை 1921 வரை இருந்தது. அதற்குப் பிறகும் செக்ரோல் இருந்தது, இருக்கிறது. யார் பிரட்டுக்கு, அதாவது காலை ஆள் கணக்கெடுப்புக்கு, வந்தார்கள், எத்தனை கிலோ கொழுந்து, யாருக்கு முழு நாள் பேர், யாருக்கு அரை நாள் பேர் என்று எல்லாம் அதில் இருக்கும். "விவரம் எடுப்பது என்றாலே எங்கள் சனத்துக்குப் பயம்" என்று தங்கை சொன்னார். அந்தப் பயத்தை நான் மதிக்கிறேன்.

ஆனால் தங்கையே, ஒன்றை யோசியுங்கள். அந்தத் தகரமும் துண்டும் செக்ரோலும் யாரைப் பற்றி எழுதின? ஆளைப் பற்றி மட்டும். கொழுந்து நிறுத்த தராசு பிழை என்று எந்தப் புத்தகத்தில் யார் எழுதினார்கள்? ஈரத்துக்கும் சாக்குக்கும் கழித்த கிலோ கூடிப்போனது என்று எந்தப் பக்கத்தில் இருக்கிறது? நூறு வருடத்துக்கு மேலாக நம்மைப் பற்றி எழுதினார்கள், கருவியைப் பற்றி எழுதவே இல்லை. இன்று நாம் பேசுகிற கோளாறு அறிக்கை கருவி தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொடுக்கிற வாக்குமூலம். எந்த மாதிரிப் போன், செயலியின் எந்தப் பதிப்பு, எத்தனை மணிக்கு, எந்தக் கட்டளைக்குப் பின் எந்தக் கட்டளை ஓடி எந்த இடத்தில் விழுந்தது. அதன் முதுகெலும்பு இவ்வளவுதான். அதை எழுத அந்தப் பிள்ளையின் பெயர் தேவையே இல்லை.

இப்படியொரு பதிவு சாதாரண மனிதர்களுக்குக் கிடைக்காவிட்டால் என்ன ஆகும் என்பதைப் பிரித்தானியாவில் பாருங்கள். அங்கே உப தபாலகங்களின் கணக்கைப் பார்க்க 1999 இல் ஹொரைசன் என்ற கணினி முறை வந்தது. ஃபுஜிட்சு நிறுவனம் செய்துகொடுத்தது. கணக்கில் பணம் குறைகிறது என்று அது காட்டியதும், தபாலகம் நடத்தியவர்களையே திருடர் என்றார்கள். 900 பேருக்கு மேல் குற்றவாளிகள் என்று தீர்ப்பளிக்கப்பட்டது. சிறைக்குப் போனவர்கள் உண்டு, வீட்டை விற்றவர்கள் உண்டு, உயிரை மாய்த்தவர்களும் உண்டு. உதவி கேட்டுப் போன் எடுத்தவர்கள் பலரிடம், "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்று சொல்லப்பட்டது. 2019 டிசம்பரில் லண்டன் உயர் நீதிமன்றம் மென்பொருளில்தான் வழுக்கள் இருந்தன என்று தீர்ப்புச் சொன்னது. அதற்குப் பெரிதும் உதவிய சான்று எது தெரியுமா? ஃபுஜிட்சு நிறுவனத்துக்குள்ளேயே வைத்திருந்த கோளாறுப் பதிவுகள். அவற்றை வெளியே எடுக்கத்தான் அவ்வளவு வருடம் ஆனது. "உனக்கு மட்டும்தான்" என்ற பொய்யை உடைக்க, பலருடைய கோளாறும் ஓரிடத்தில் சேர்ந்திருக்க வேண்டும்.

சேர்ந்தால் இன்னொரு பலனும் உண்டு. 2002 இல் மைக்ரோசாஃப்டின் தலைமை நிறைவேற்று அதிகாரியாக இருந்த ஸ்டீவ் பால்மர், வந்து குவிந்த அறிக்கைகளைப் பார்த்துவிட்டுச் சொன்ன கணக்கு இது: வழுக்களில் 20 சதவீதம்தான் 80 சதவீதக் கோளாறுகளுக்குக் காரணம், ஒரு சதவீத வழுக்களே பாதிக் கோளாறுகளுக்குக் காரணம். எதை முதலில் திருத்துவது என்று அறிக்கைகள்தான் காட்டிக்கொடுக்கின்றன. அறிக்கை அனுப்பத் தெரிந்தவர்கள் மட்டும் அனுப்பினால், அவர்கள் வைத்திருக்கும் விலை கூடிய போன்கள் மட்டும் திருந்தும். பொகவந்தலாவையில் இருக்கும் தாய் ஆங்கிலத்தில் முறைப்பாட்டுக் கடிதம் எழுதப்போவதில்லை. அவளுக்காக அந்தப் பழைய போனேதான் பேசியாக வேண்டும்.

ஓர் எழுத்தாலேயே போன் விழுகிற விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். 2018 பெப்ரவரியில் 'ஜ்ஞா' என்ற ஒரே ஒரு தெலுங்கு எழுத்து வந்ததும் ஐபோன்கள் முடங்கின. உலகமெல்லாம் அது செய்தியானது, சில நாளில் திருத்தமும் வந்தது. தமிழ் எழுத்து ஒன்று ஏதோ ஒரு மலிவான போனில் இப்படி விழுந்தால் எந்தத் தொலைக்காட்சி சொல்லும்? கோளாறு அறிக்கைதான் சொல்ல வேண்டும்.

இனி எதிரணியின் பலமான கேள்விக்கு வருகிறேன். செயலி விழும் நேரத்தில் நினைவகத்தில் இருப்பதையும் சேர்த்து அள்ளினால், பாதி தட்டிய கடிதமோ கடவுச்சொல்லோ அதோடு போகாதா? போகலாம். மறுக்க மாட்டேன். 2013 டிசம்பரில் ஜெர்மனியின் டெர் ஸ்பீகல் இதழ், விண்டோஸ் அனுப்பிய கோளாறு அறிக்கைகளை அமெரிக்க உளவு நிறுவனம் வழிமறித்துப் பார்த்தது என்று எழுதியது. அந்தத் தகவலில் ஒரு பகுதி மறையாக்கம் இல்லாமல், வழியில் நிற்பவர் எவரும் படிக்கும்படி போயிருக்கிறது. கொழுந்துச் சாக்கை வாய் கட்டாமல் லொறியில் ஏற்றினால் கொட்டத்தான் செய்யும். அதற்காகக் கொழுந்து பறிப்பதையா நிறுத்துவோம்? சாக்கின் வாயைக் கட்டச் சொல்வோம்.

கட்டவும் முடியும். ஃபயர்பாக்ஸ் உலாவி விழுந்தால், அறிக்கை அனுப்பட்டுமா என்று கேட்கிறது. பார்த்துக்கொண்டிருந்த பக்கத்தின் முகவரியைச் சேர்க்கலாமா என்று தனியாகக் கேட்கிறது. ஐபோன் முதல் நாளே கேட்கிறது. கேட்காமல் அனுப்பும் செயலிகள் நிறைய இருக்கின்றன, அது எனக்கும் கோபம்தான். அதற்கு நம் இலங்கையில் 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. சொன்ன நோக்கத்துக்குத் தேவையானதற்கு மேல் எடுக்காதே, தேவையான காலத்துக்கு மேல் வைத்திருக்காதே என்பவை அதன் அடிப்படைகள். அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, தமிழில் கேள், பெயரை நீக்கு, மறையாக்கம் செய் என்று சண்டை போடுவோம். நானும் எதிரணியோடு வந்து நிற்கிறேன். அறிக்கையே வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

மணி அடித்துவிட்டீர்கள் நடுவர் அவர்களே, ஒரு நிமிடம் கொடுங்கள். சில தோட்டங்களில் இப்போது மின்தராசு வந்துவிட்டது. நிறுத்த கொழுந்து நேராகக் கணினிக்குப் போகிறது. அந்தத் தராசு பாதியில் நின்றுபோனால் எத்தனை மணிக்கு நின்றது, எந்தப் பிழையால் நின்றது, அந்த நேரம் எத்தனை பேருடைய நிறை பதியாமல் போனது என்று அதுவே எழுதட்டும். அதில் ஒரு பிரதி கம்பனிக்குப் போகட்டும். இன்னொரு பிரதி அன்று மாலையே தோட்டத்தின் தொழிற்சங்கத் தலைவர் கையில் வர வேண்டும் என்று கேட்போம்.