தட்டின் கீழே வைத்த காசு



ஹோட்டலில் உணவு பரிமாறியவருக்குக் கொடுக்கும் சில்லறைக்கு எங்கள் நாட்டில் 'சந்தோசம்' என்று பெயர். சிங்கள மக்களும் இச்சொல்லை வழங்குகிறார்கள். தமிழ்நாட்டில் 'இனாம்' என்பார்கள். அது அரபு வழி வந்த சொல். கொடுப்பவரும் வாங்குபவரும் மகிழ்வதால்தான் சந்தோசம் என்றார்கள் போலும். ஆனால், ஒருநாள் நான் கொடுத்ததில் இருவருக்குமே அது இருக்கவில்லை.

பிரான்சிலிருந்து வந்த மைத்துனர் குடும்பத்துடன் கற்பிட்டிப் பக்கம் போயிருந்தேன். காலையில் படகேறி டொல்பின் பார்த்துவிட்டு, மதியம் கடலோர ஹோட்டல் ஒன்றில் சாப்பிட உட்கார்ந்தோம். பரிமாற வந்த இளைஞன், "சேர், என்னைத் தெரியுதா?" என்றான். உடப்பிலிருந்து வந்து, உயர்தர வகுப்பில் என்னிடம் தமிழ் படித்தவன்.

சாப்பிட்டு முடிந்ததும் பில் வந்தது. உணவின் விலைக்கு மேல் பத்து வீதம் சேவைக் கட்டணம். பலரும் நினைப்பதுபோல அது அரசாங்க வரியன்று. ஊழியர்களிடையே பகிர்வதற்கென்று அறவிடப்படுவது. இதற்கு மேலும் சந்தோசம் கொடுக்க வேண்டுமா?

மைத்துனர் பாரிஸில் உணவகச் சமையலறை ஒன்றில் வேலை செய்பவர். அங்கே 1987 முதல், விலைப்பட்டியலில் உள்ள விலைக்குள்ளேயே சேவைத் தொகையும் அடக்கம்; மேசையில் விட்டுச் செல்வது விருப்பம் மட்டுமே. "விட்டாலும், கோப்பை கழுவுற எங்களுக்கு எங்க வரப்போகுது?" என்று சிரித்தார். அமெரிக்காவிலோ, டிப்ஸ் பெறும் ஊழியருக்கு முதலாளி கொடுக்க வேண்டிய கூலி, மத்திய சட்டப்படி மணிக்கு 2.13 டொலர்தான். 1991 முதல் அது உயரவில்லை. மீதியை வாடிக்கையாளரின் கைதான் நிரப்புகிறது. ஜப்பானில் கொடுத்தால், பெரும்பாலும் பணிவோடு திருப்பித் தந்துவிடுவார்கள்.

மாணவன் கையில் காசு கொடுக்க எனக்குக் கூச்சமாக இருந்தது. அவன் உள்ளே போன நேரம் பார்த்து, ஒரு தாளைத் தட்டின் கீழே வைத்துவிட்டு எழுந்தேன். வான் புறப்படும் வேளை ஓடிவந்தான்.

"சேர், காசை மறந்து வச்சிட்டு வந்திட்டீங்க."

மறதியல்ல என்பது அவனுக்கும் தெரியும். ஒன்றும் பேசாமல் வாங்கிக்கொண்டேன்.

வழி நெடுகப் புறநானூற்றின் 208ஆம் பாட்டுத்தான் நினைவில் நின்றது. பெருஞ்சித்திரனார் அதியமான் நெடுமான் அஞ்சியிடம் போகிறார். அவன் புலவரை நேரில் காணாமலே பரிசில் கொடுத்தனுப்புகிறான். காணாமல் தந்த பொருளைக் கொள்ள நான் வணிகனல்லேன் என்று மறுக்கிறார் புலவர். தகுதி அறிந்து தந்தால் தினையளவும் போதும் என்கிறார். அந்தப் பாட்டை அவனுக்குப் படிப்பித்தவன் நான். முகம் பாராமல் கொடுத்தவனும் நானே.

நேயர்களே, கூலி, பங்கு, பரிசில் என்பன மூன்றும் வேறு வேறு. உடப்பில் கரைவலை இழுத்தவர் மீன்பாட்டில் பெறுவது பங்கு. அதை யாரும் தானம் என்பதில்லை. சேவைக் கட்டணமும் அத்தகைய பங்கே. அடுப்படியில் நிற்பவருக்கும் அதில் உரிமை உண்டு. இந்தியாவில் அதைப் பில்லில் தானாகச் சேர்க்கக்கூடாதென்று நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022இல் சொன்னது. டில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் அதனை உறுதிசெய்தது. பிரித்தானியாவில் 2024 அக்டோபர் முதல், டிப்ஸும் சேவைக் கட்டணமும் முழுவதும் தொழிலாளரையே சேரவேண்டும் என்பது சட்டம். அவர்கள் பெயரால் நாம் கொடுக்கும் பத்து வீதம் அவர்களைச் சேர்கிறதா என்று கேட்பது நமது கடமை.

பரிசில் அதற்கு அப்பாற்பட்டது. கொடுப்பதானால் பெயர் சொல்லி அழைத்து, முகம் பார்த்து, கையில் கொடுக்க வேண்டும். அடுத்தமுறை கற்பிட்டி போகும்போது அப்படித்தான் கொடுக்க எண்ணியிருக்கிறேன். வாங்குவதும் விடுவதும் அவன் விருப்பம்.