மக்கு என்று சொல்லும் முன்



காலாண்டுத் தேர்வு விடைத்தாள்கள் வீட்டுக்கு வந்துசேரும் அக்டோபர் மாதத்தில், என்னைப் போன்ற உளவியலாளர்களைத் தேடி வரும் பெற்றோர் எண்ணிக்கை கூடிவிடும். வந்து உட்கார்ந்ததும் அவர்களில் பெரும்பாலோர் கேட்பது ஒன்றுதான்: "இவன் வேணும்னே பண்றானா, இல்ல நெஜமாவே இவனுக்கு வரலையா?"

நியாயமான கேள்வி. பையன் பேச்சில் கெட்டிக்காரன். பார்த்த படத்தின் கதையை ஒரு காட்சி விடாமல் சொல்வான். கடைக்கு அனுப்பினால் மீதிச் சில்லறையைச் சரியாக எண்ணி வாங்கி வருவான். டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் வீட்டில் அவனைத்தான் கூப்பிடுகிறார்கள். ஆனால் பாடப் புத்தகத்தைத் திறந்ததும் தாகம் எடுக்கிறது, வயிறு வலிக்கிறது. நேற்று இரவு அம்மா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்த பத்துச் சொற்களில் இன்று காலை எட்டு தப்பு. டியூஷன் மாற்றியாயிற்று, வல்லாரை கொடுத்தாயிற்று, கோயிலில் வேண்டுதலும் வைத்தாயிற்று. பள்ளியிலிருந்து மிஸ் எழுதி அனுப்பும் வாசகம் மட்டும் மாறுவதில்லை: கவனக்குறைவு, அக்கறையின்மை. வீட்டில் இதற்கெல்லாம் சேர்த்து ஒரே பெயர்தான். மக்கு.

இப்படிப்பட்ட பிள்ளைகள் இன்று புதிதாக முளைத்தவர்கள் அல்லர். 1896-ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் தென்கரையில் சீஃபோர்டு என்ற ஊரைச் சேர்ந்த மருத்துவர் பிரிங்கிள் மார்கன், பெர்சி என்ற 14 வயதுச் சிறுவனைப் பற்றி பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். ஏழு வயதிலிருந்து ஆசிரியர்கள் எவ்வளவோ பாடுபட்டும் சிறு சிறு சொற்களைக்கூட அவனால் வாசிக்க முடியவில்லை. தன் பெயரையே எழுத்து மாற்றி எழுதினான். எண்களைப் படிப்பதிலோ கணக்குப் போடுவதிலோ தடுமாற்றம் இல்லை. பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியில் இவனை மிஞ்ச ஆள் இருக்காது என்று அவனுடைய ஆசிரியர் சொன்னதையும் மார்கன் பதிவு செய்திருக்கிறார். இதைத்தான் இன்று டிஸ்லெக்ஸியா என்கிறோம். எழுத்தையும் ஒலியையும் மூளை இணைக்கும் விதத்தில் உள்ள வேறுபாடு அது. குடும்ப வழியாகவும் வருவதுண்டு. அறிவு குறைந்ததாலோ சோம்பலாலோ வருவதில்லை.

அதற்காக, படிக்கத் திணறும் பிள்ளைகள் எல்லோருக்கும் டிஸ்லெக்ஸியா என்று சொல்லிவிடவும் கூடாது. கற்றல் மதிப்பீடு என்று நாங்கள் செய்வதில் பெரும்பகுதி, வேறு காரணங்கள் உண்டா என்று ஒவ்வொன்றாக அலசுவதுதான். கண் பரிசோதித்தீர்களா? சிறு வயதில் அடிக்கடி காதில் சீழ் வடிந்ததா? இரவு தூக்கம் எப்படி? வீட்டில் குடிப்பழக்கம், சண்டை, அண்மையில் ஒரு சாவு என்று ஏதாவது உண்டா? 2020-இல் கொரோனாவால் பள்ளிகள் மூடியபோது இந்தப் பிள்ளை எந்த வகுப்பில் இருந்தது? எழுத்து பழக வேண்டிய வயதில் பள்ளியைப் பார்க்காமலே மேல் வகுப்புக்குப் போன பிள்ளைகளுக்காகத்தான் தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வியும் எண்ணும் எழுத்தும் திட்டமும் வந்தன. சொல்லிக்கொடுக்கப்படாததற்கும், சொல்லிக்கொடுத்தும் வராததற்கும் வேறுபாடு உண்டு. அதேபோல், வீட்டில் தமிழ் மட்டுமே கேட்டு வளர்ந்து ஆங்கிலவழிப் பள்ளியில் சேர்ந்த பிள்ளையை ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு முடிவு எழுதுவது, என் பார்வையில், அந்தப் பிள்ளைக்குச் செய்யும் அநியாயம். இரண்டு மொழியிலும் வாசிக்க வைத்துப் பார்க்க வேண்டும்.

சோதனை அறையில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். ஊசி கிடையாது, மருந்து கிடையாது. ஒரு மேசை, இரண்டு நாற்காலி. அம்மா வெளியே வராந்தாவில் இருப்பார். முதலில் சிவப்பும் வெள்ளையுமான கட்டைகளைக் கொடுத்து, படத்தில் உள்ளபடி அடுக்கச் சொல்வோம். இங்கே பல பிள்ளைகள் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுவார்கள். கட்டையைத் திருப்பிப் பார்ப்பார்கள், அடுக்குவார்கள், "அடுத்தது குடுங்க" என்பார்கள். பிறகு ஒரு பத்தியை வாசிக்கச் சொல்வோம். அதே பிள்ளையின் தோள் இறங்கிவிடும்.

தமிழில் எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவு ஆங்கிலத்தைவிட ஒழுங்கானது. அதனால் ஆங்கிலத்தில் முற்றிலும் திணறும் பிள்ளை, தமிழில் எழுத்துக்கூட்டியாவது வாசித்துவிடக்கூடும். ஆனால் வேகம் இருக்காது. வரியின் முடிவுக்குப் போவதற்குள் தொடக்கம் மறந்துவிடும். 'கொ' என்ற எழுத்தைப் பாருங்கள். கொம்பு முன்னால் நிற்கிறது, கால் பின்னால் நிற்கிறது. வாய் சொல்ல வேண்டியதோ நடுவில் நிற்கும் ககர ஒலியை முதலில். நமக்கு இது ஒரு கணம்கூட எடுக்காது. இந்தப் பிள்ளைக்கு ஒவ்வொரு முறையும் உழைப்பு. அதனால் ஊகிக்கப் பழகிவிடுகிறது. 'பள்ளம்' என்று இருக்கும் இடத்தில் முதல் இரண்டு எழுத்தைப் பார்த்துவிட்டு 'பள்ளி' என்று சொல்லிப் போய்விடும். ஊகத்துக்கு இடம் கொடுக்காமல் பார்ப்பதற்காகவே அர்த்தமில்லாத சொற்களையும் வாசிக்கக் கொடுப்போம். அங்கேதான் உண்மையான தடுமாற்றம் தெரியவரும். எழுதுவது, கணக்கு, கவனம், நினைவில் வைத்திருப்பது எல்லாம் தனித்தனியே பார்க்க வேண்டும். இதற்கு ஒரு காலைப் பொழுது போதாது. அரை மணி நேரத்தில் முடித்து அறிக்கை தருகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அறிக்கையில் ஐ.க்யூ என்று ஓர் எண் இருக்கும். 92 என்று பார்த்துவிட்டு, நூற்றுக்கு 92 வாங்கியிருக்கிறான் என்று மகிழ்ந்தவர்களும் உண்டு, எட்டு மார்க் எங்கே போயிற்று என்று கேட்டவர்களும் உண்டு. அது மதிப்பெண்ணே இல்லை. அந்த அளவுகோலில் 100 என்பது நடுப்புள்ளி. 85-க்கும் 115-க்கும் இடையில் மூன்றில் இரண்டு பங்கு மனிதர்கள் இருக்கிறார்கள். 1905-இல் பாரிஸில் முதல் சோதனையை உருவாக்கிய ஆல்ஃபிரட் பினே, பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டுபிடிக்கவே அதைச் செய்தார். அறிவு என்பது மாறாத ஓர் அளவு என்று சொல்வதை அவரே எதிர்த்தார். அந்த எண்ணை உறவினர்களிடம் சொல்லித் திரியாதீர்கள். அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் இருக்கும் பரிந்துரைகளைப் படியுங்கள். அவைதான் பள்ளிக்கும் வீட்டுக்கும் பயன்படும்.

இப்படி ஒரு பையனைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கும்போது, அதுவரை வாய் திறக்காமல் இருந்த அப்பா திடீரென்று, "நானும் இப்படித்தாங்க. எட்டாவதோட நின்னுட்டேன்" என்பார். இது அடிக்கடி நடக்கிறது. தொழிலில் கொடிகட்டிப் பறப்பவராக இருப்பார். வங்கிப் படிவத்தை நிரப்ப மட்டும் இன்னொருவரிடம் கொடுப்பார். நாற்பது வயதிலும் மதிப்பீடு செய்துகொள்ளலாம். தான் முட்டாள் இல்லை என்று ஒரு மனிதர் அந்த வயதில் தெரிந்துகொள்வது சின்ன விஷயமில்லை.

உளவியலாளரிடம் வருவது சோதனைக்கு மட்டுமல்ல. பஸ்ஸில் ஏறினாலே நெஞ்சு படபடத்து, ஈ.சி.ஜி. எடுத்து, "ஹார்ட்ல ஒண்ணுமில்ல" என்று மருத்துவர் சொல்லியும் பயம் போகாதவர்கள் வருகிறார்கள். அவர்களுக்குப் புத்திமதி சொல்வதில்லை. பயம் எந்த எண்ணத்தில் தொடங்குகிறது என்று கூடவே உட்கார்ந்து தேடுகிறோம். பிறகு ஒரு நிறுத்தம், அடுத்த வாரம் இரண்டு நிறுத்தம் என்று படிப்படியாகப் பயணத்தைத் திரும்பப் பழக்குகிறோம். அங்கே பேசுவது வெளியே போகாது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் அந்த ரகசியத்தை உங்கள் உரிமையாக வைத்திருக்கிறது.

வயதானவர்கள் விஷயத்திலும் அவசர முடிவு ஆபத்து. பேனா பிடித்தே பழகாத ஒரு பாட்டியிடம் கடிகாரம் வரையச் சொல்லி, வரையவில்லை என்பதற்காக மறதி நோய் என்று எழுதிவிடக் கூடாது. தாத்தா போன பிறகு வந்த மனச்சோர்வு, தைராய்டு, வைட்டமின் பி12 குறைவு, காது மந்தம் எல்லாமே மறதிபோல் தோன்றும். இவற்றில் பலவற்றுக்கு வைத்தியம் உண்டு.

யாரிடம் போவது? மருந்து எழுதித் தருபவர் மனநல மருத்துவர். மதிப்பீடும் பேச்சு வழிச் சிகிச்சையும் தருபவர் மருத்துவ உளவியலாளர். அவரிடம் இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று தயங்காமல் கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில், பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் 2005-இலிருந்து இயங்குகிறது. 1990-களின் தொடக்கத்திலிருந்து மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா அசோசியேஷன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தருகிறது. பெரியவர்களுக்கு மனம் தாளவில்லை என்றால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

கடைசியாகப் பெற்றோரிடமும் ஆசிரியர்களிடமும் ஒரு வேண்டுகோள். 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கற்றல் குறைபாட்டையும் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. உரிய சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதித் தருபவர், ஒரு மொழிப் பாடத்திலிருந்து விலக்கு போன்ற சலுகைகள் கிடைக்கும். ஆனால் பலர் பத்தாம் வகுப்பு ஜனவரியில் சான்றிதழுக்காக ஓடி வருகிறார்கள். அதற்குள் பிள்ளை பத்து வருடம் திட்டு வாங்கியிருக்கும். 2018-இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதல், எட்டு வயதிலேயே சான்றளிக்கலாம் என்றது. மூன்றாம் வகுப்பு முடியும்போதும் வாசிப்பு வரவில்லை என்றால் அடுத்த வருடம் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். அந்தக் கோடை விடுமுறையிலேயே அழைத்து வாருங்கள்.